நாலு பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு விளக்கெண்ணெய்

விமானத்தின் விசிறி எகிறி வந்து சாமுண்டீஸ்வரியின் நடுவிரலில் அடித்தது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்தன. இந்தக் கணக்கில் போனால் ஆண்டு விழாவுக்குள் சாக்பீஸ் பிடிக்க ஒரு விரலும் மிஞ்சாது.

"சனியனே!" என்றாள்.

"என்னையா மிஸ்ஸு?" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஆய்வுக்கூட அட்டெண்டர் ஜகபர் அலி. கீழே விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்கள இல்ல பாய். இந்த எஞ்சினை."

"எஞ்சினத் திட்டாதீங்க. நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முந்தி ஸ்கூட்டர் மெக்கானிக்கு. திட்டுன வண்டி ஸ்டார்ட் ஆனதா சரித்திரமே இல்ல."

மேசைமேல் மஞ்சள் நிறத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது அந்த விமானம். நிஜ விமானத்தை ஒரு முனிவர் சபித்துச் சிறுக்க வைத்தது போல அச்சு அசலாக இருக்கும். மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நிஜ எஞ்சின். உள்ளே ரேடியோ. கையில் ஏரியல் வைத்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் நின்றபடியே ஓட்ட வேண்டும். பள்ளித் தாளாளர் இளையபெருமாளின் மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது.

இளையபெருமாளுக்கு எண்ணெய் மில் இருந்தது. எண்ணெயில் வந்த காசில் செஞ்சியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி தொடங்கினார். பெயர், 'இளையபெருமாள் மெமோரியல்'. உயிரோடு இருப்பவருக்கு மெமோரியல் வைக்க மாட்டார்கள் என்று சொல்லும் தைரியம் ஊரில் எவருக்கும் இல்லை. சாமுண்டீஸ்வரி சொன்னாள். அதனால்தான் அவள் சேர்ந்த நாளிலிருந்து தற்காலிக ஆசிரியையாகவே இருந்தாள்.

இந்த வருட ஆண்டு விழாவுக்கு மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறார். அவர் மனம் குளிர்ந்தால் பள்ளிக்கு அங்கீகாரம். மனம் குளிர வைக்க இளையபெருமாள் கண்டுபிடித்த வழி, ஆகாயத்திலிருந்து அவர் தலையில் பூத் தூவுவது.

"ஏரோப்ளேன் பறந்தா உனக்கு பர்மனென்ட் ஆர்டர்மா. பறக்கலன்னா நீயும் மறுநாள்லேர்ந்து வராத," என்று சொல்லிவிட்டார்.

இந்த வேலை அவள் தலையில் விழுந்ததற்கு அவளேதான் காரணம். விண்ணப்பத்தில் 'என்.சி.சி.யில் விமான மாதிரிப் பயிற்சி பெற்றவர்' என்று எழுதியிருந்தாள். பொய்யில்லை. ஆனால் கல்லூரியில் பறக்க விட்டதெல்லாம் பையன்கள். வாலைப் பிடித்துக்கொள்வதும் எண்ணெய் கலக்கித் தருவதும் பெண்பிள்ளைகள் வேலை. ஆகாய விமானம் வரைக்கும் போயும் அங்கேயும் சமையல்தான்.

வேலை போனால் என்ன ஆகும் என்பது சிங்கவரத்தில் அவள் வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. "பர்மனென்ட் ஆச்சின்னா நான் வாயே தொறக்க மாட்டேன். ஆவலன்னா தையில தங்கராசுக்குத்தான்," என்று அவள் நைனா பச்சைமுத்து சொல்லியிருந்தார். தங்கராசு மாமன் மகன். லாரி வைத்திருந்தான். பெண்கள் படிப்பைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. அதையும் அவள் காதுபடவே சொல்லியிருந்தான். "படிச்ச பொண்ணுக்கு ஆரம்பத்துலயே ரெண்டு அறை விட்டா எல்லாம் சரியாப் பூடும்."

எனவே விமானம் பறந்தாக வேண்டும்.

"மிஸ்ஸு, விரலால சுத்துனா விரல் பூடும்," என்றார் ஜகபர் அலி. தாளாளர் அறையிலிருந்து ஒரு பிரம்பை எடுத்து வந்து, அதன் நுனியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். "இதால தட்டுங்க."

சாமுண்டீஸ்வரி எஞ்சினின் தலையில் இருந்த பிளக்கை டார்ச் பேட்டரிக் கட்டையோடு இணைத்தாள். உள்ளே கம்பி சிவந்து கனன்றது. பிரம்பால் விசிறியை ஓங்கித் தட்டினாள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு படை குளவி காதுக்குள் புகுந்த மாதிரி சத்தம்.

"ஓடுது! ஓடுது!" என்று குதித்தார் ஜகபர் அலி.

ஓடியது. ஆனால் தலைகீழாக ஓடியது. இந்தச் சின்ன எஞ்சினுக்கு வலது இடது தெரியாது. தட்டுகிற வேகத்தில் எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தப் பக்கமே ஓடித் தொலைக்கும். விசிறி காற்றை முன்பக்கம் தள்ள, விமானம் மேசைமேல் பின்பக்கமாகப் புறப்பட்டது. போகிற போக்கில் சிங்கப்பூர் எரிபொருள் டப்பாவைக் கவிழ்த்தது. அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த இளையபெருமாளின் தொந்தியில் வாலால் குத்தி, வால் முறிந்து நின்றது.

அவர் தொந்தியைத் தடவிக்கொண்டார்.

"இன்னாம்மா இது? ஏரோப்ளேன் ரிவர்ஸ்ல போவுது?"

"நல்லா ஓடுதுன்னு அர்த்தம் சார்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"வர்ற அதிகாரிய முன்பக்கமாப் போயி வரவேக்கணும்மா. முதுகக் காட்டினு போவக் கூடாது."

வாலை ஒட்டிவிடலாம். கவிழ்ந்த எரிபொருளை அள்ள முடியாது. மறுநாள் அவள் ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் வேண்டும் என்று கேட்டனுப்பினாள். இளையபெருமாள் நேராகப் பத்தாம் வகுப்பு நடந்துகொண்டிருந்த ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"விளக்கெண்ணெ எதுக்கு? ஏரோப்ளேனுக்கு பேதிக்குக் குடுக்கப் போறியா?"

பையன்கள் சிரித்தார்கள்.

"இந்த எஞ்சினுக்குத் தனியா எண்ணெய் ஊத்த இடம் கிடையாது சார். அது குடிக்கிற ஸ்பிரிட்லயே எண்ணெயும் கரைஞ்சிருக்கணும். நாலு பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு விளக்கெண்ணெய். இல்லாட்டி சூடேறி இறுகிப் போயிடும்."

"எண்ணெதானே? நம்ம மில்லு கடலெண்ணெய ஊத்து. தேன் மாதிரி கெட்டியா இருக்கும். இந்த ஊரே அதுலதான் ஓடுது."

"கடலெண்ணெய் கரையாது சார்."

"கரையாதா? எங்கிட்டயே எண்ணெயப் பத்திப் பேசுறியா?"

சாமுண்டீஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தாள். இரண்டிலும் ஆய்வுக்கூட விளக்கிலிருந்த ஸ்பிரிட்டை ஊற்றினாள். ஒன்றில், பாடத்துக்கென்று தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கடலை எண்ணெயை விட்டாள். அவர்கள் நிலத்துக் கடலை, சிங்கவரம் செக்கில் ஆட்டியது. இன்னொன்றில் அதேபோல் கொண்டுவந்த விளக்கெண்ணெய். இரண்டையும் குலுக்கி நிறுத்தினாள்.

முதல் குழாயில் கடலை எண்ணெய் அடியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டது. சொத்துத் தகராறில் முகம் திருப்பிய பங்காளி மாதிரி, எத்தனை முறை குலுக்கினாலும் மறுபடியும் தனிக்குடித்தனம்தான். இரண்டாவது குழாயில் எண்ணெய் இருந்த இடமே தெரியவில்லை.

"பார்த்தீங்களா? நாம சாப்பிடற கடலெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் இதுல கரையாது. விளக்கெண்ணெய் மட்டும்தான் கரையும். வேணும்னா உங்க மில்லு எண்ணெய் ஒரு கரண்டி குடுத்தனுப்புங்க சார். அதையும் இப்பவே போட்டுக் காட்டறேன்."

"வேணாம்! வேணாம்!" என்று இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார் இளையபெருமாள். "திங்கிற பொருளு லட்சுமிம்மா. லட்சுமியக் குழாயில போட்டுக் குலுக்குவாங்களா? விளக்கெண்ணெயே வாங்கிக்க. எவ்ளோ வேணுமோ வாங்கிக்க."

ஒரு பெட்டி சாக்பீஸுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர், பேரம் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனார். விஞ்ஞானம் வென்றுவிட்டது என்று சாமுண்டீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் அப்துல் சுக்கூரின் நாட்டு மருந்துக் கடையில் ஜகபர் அலி இரண்டு டின் விளக்கெண்ணெய் வாங்கி வந்தார். பழைய வனஸ்பதி டின்கள். மூடியைச் சுற்றித் துணி கட்டி, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு வைத்திருந்தது.

"எண்ணெய்க்கு எதுக்குப் பாய் அரக்கு?"

"சுக்கூர் அப்டித்தான் மிஸ்ஸு. 'எங்கடை சரக்கு வழியில கலப்படம் ஆச்சின்னா எம்பேரு கெட்டுப் பூடும்'ன்றான். அவன் பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கே அரக்கு வச்சவன்."

முதல் டின்னை உடைத்தார்கள். புது எஞ்சினை உடனே முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. புது ஸ்கூட்டருக்குச் செய்வது போல, எண்ணெய் அதிகமாகக் கொடுத்து மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். மேசையில் விமானத்தை இறுக்கிக் கட்டிவிட்டு சாமுண்டீஸ்வரி எஞ்சினைப் பழக்கினாள். அது எரிந்தும் எரியாமலும் எண்ணெயைப் புகையாகத் துப்பியது. சுவரில் எண்ணெய். கரும்பலகையில் எண்ணெய். படமாக மாட்டியிருந்த விஞ்ஞானிகள் எல்லோரும் அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவர்கள் போல் ஆனார்கள். பள்ளி முழுக்க விளக்கெண்ணெய் நாற்றம்.

இதனால் வேறொரு வம்பு வந்தது.

ஆய்வுக்கூட ஜன்னலைத் திறந்தால் மாணவர் விடுதியின் கக்கூஸ் தெரியும். அதன் வாசலில் கையில் மக்கோடு எப்போதும் ஒரு வரிசை நிற்கும். ராஜகிரி மலை எப்படி இடம் மாறாதோ அப்படி அந்த வரிசையும் மாறாது. காரணம் எவருக்கும் தெரியவில்லை. தண்ணீர் சரியில்லை என்று தொட்டியைக் கழுவினார்கள். கொய்யாப்பழம் விற்கிறவளைத் துரத்தினார்கள். "அமாவாசைக்கு மேல்மலையனூர் போயி கண்டதையும் தின்னுட்டு வருதுங்க," என்று தாளாளர் அம்மன் மேலேயே பழி போட்டுப் பார்த்தார். இப்போது அவருக்கு நல்ல குற்றவாளி கிடைத்துவிட்டது.

"விளக்கெண்ணெப் புகைய மோந்து மோந்துதான் பசங்களுக்கு வயித்தால போவுது!"

"சார், நான் எஞ்சின் ஓட்டறதுக்கு முந்தியே வரிசை இருந்துச்சு."

"முந்தி நின்ன வரிசை வேற. இப்ப நிக்கிற வரிசை வேற. எடுத்துக்கினு வெளிய போ!"

வெளியே என்றால் சிங்கவரத்து ஏரிதான். தண்ணீர் வற்றிப் பொட்டலாகக் கிடந்தது. வாலை மூங்கில் குச்சி வைத்துக் கட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார் ஜகபர் அலி. "இனி ஒலகம் ஒடஞ்சாலும் இந்த வாலு ஒடையாது," என்றார். உண்மைதான். ஆனால் அந்த வாலின் கனத்தில் விமானம் மேலே எழும்பியதும் மூக்கை வானத்துக்குத் தூக்கியது, ஒரு கணம் கடவுளைப் பார்த்தது, பின்பு அப்படியே பக்கத்துக் கடலைக் கொல்லையில் போய் விழுந்தது.

களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொட்டோடு ஓடி வந்தார்கள்.

"இன்னாடி இது, இம்மாம் பெரிய வெட்டுக்கிளி!"

"அடிக்காதீங்கக்கா! அது எங்க ஸ்கூலுது!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் சாமுண்டீஸ்வரி.

"ஸ்கூலுல வெட்டுக்கிளியா வளக்குறீங்க? எங்க கொல்லையில மேய்க்கவா கொண்டாந்த?"

வால் கனத்துப் போனால் மூக்கும் கனக்க வேண்டும். இது பௌதிகம். ஆய்வுக்கூடத் தராசிலிருந்து ஒரு பித்தளைப் படிக்கல்லை எடுத்து எஞ்சினுக்குப் பின்னால் வைத்துக் கட்டினாள். மூக்கும் வாலும் சமமாயின. இப்போது மொத்த விமானமும் கனமாகித் தரையை விட்டுக் கிளம்ப மறுத்தது. கனத்தைத் தூக்க எஞ்சினுக்கு வேகம் போதவில்லை. ஜகபர் அலி யோசித்துவிட்டு எஞ்சினின் சைலன்சரைக் கழற்றி எறிந்தார்.

"ரேஸ் வண்டிக்கெல்லாம் இப்டித்தான் மிஸ்ஸு. மூச்சு முட்டாம ஓடும்."

ஓடியது. பறந்தும் பறந்தது. சத்தத்தில் செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் குடிபெயர்ந்தன. சாமுண்டீஸ்வரி கையில் பெட்டியைப் பிடித்து, குச்சியை இடமும் வலமும் தள்ளித் தள்ளி, ஏரிமேல் ஒரு வட்டம் போட்டு இறக்கினாள். வாலை மட்டுமே பிடித்துப் பழகிய கை. இறங்கிய பிறகும் அது பெட்டியை விடவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஜகபர் அலியைத் திட்டினாள்.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் இளையபெருமாள் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அதிகாரி வர்ற எடமா இது? செக்குக் கொட்டா மாதிரி இருக்குது! சுவத்தக் கழுவுங்க. எண்ணெ சமாச்சாரம் ஒண்ணும் இங்க இருக்கக் கூடாது!"

முதல் டின்னில் மிச்சமிருந்ததைக் கொண்டு சாமுண்டீஸ்வரி விழாவுக்கு வேண்டிய எரிபொருளை ஒரு பாட்டிலில் கலந்து வைத்தாள். அரக்கு உடைக்காத இரண்டாவது டின்னை ஜகபர் அலி விடுதிச் சமையற்கட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"இது சமையலுக்கு இல்ல தைலம்மா. டீச்சரம்மாது. தொடாத," என்றார் சமையற்காரி தைலம்மாளிடம்.

"வச்சுட்டுப் போ பாய். இங்க எண்ணெக்கு இன்னா பஞ்சம்? மொதலாளி மில்லுலேர்ந்து இதே மாதிரி டின்னுல வந்து எறங்கினே இருக்குது," என்றாள் அவள்.

விழா நாள். மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் பச்சைமுத்து புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் தங்கப் பல்லுமாகத் தங்கராசு. 'வேலை போகிற வேடிக்கையைப் பார்த்துவிட்டு அப்படியே பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போகலாம்' என்று வந்தவன் மாதிரி இருந்தான்.

கல்வி அதிகாரி தாண்டவராயன் வந்து இறங்கினார். வழுக்கைத் தலை, கண்டிப்பான மூக்கு. முதலில் அறிவியல் கண்காட்சி. சாமுண்டீஸ்வரி அதே இரண்டு குழாய்களைக் குலுக்கிக் காட்டினாள்.

"அருமை! நானும் கெமிஸ்ட்ரிதான்," என்றார் அவர். "ஆக, கடலெண்ணெய் ஊத்தினா உன் விமானம் பறக்காது?"

"விசிறியே சுத்தாது சார். விளக்கெண்ணெய் இருந்தாத்தான் பறக்கும்."

"பலே!"

பிறகு சிற்றுண்டி. தைலம்மாள் சுடச்சுட வடை கொண்டுவந்தாள். அதிகாரி ஒன்று சாப்பிட்டார், ருசி பிடித்து மேலும் மேலும் சாப்பிட்டார். ஆசிரியர்கள் சாப்பிட்டார்கள். தங்கராசு முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து வாங்கித் தின்றான்.

"நீங்க சாப்பிடலையா?" என்று தாளாளரைக் கேட்டார் அதிகாரி.

"எனக்கு இன்னிக்கு விரதங்க," என்று இளநீரை உறிஞ்சினார் இளையபெருமாள். பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைத்தால் அவருக்கு எந்த நாளும் விரதம்தான்.

விமானத்தை மைதானத்தின் நடுவில் நிறுத்தினார்கள். இறக்கைக்கு அடியில் பூப்பெட்டி. இளையபெருமாள் அதற்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றினார். சுற்றிவிட்டு எரிகிற தட்டை எரிபொருள் பாட்டில் பக்கத்தில் வைத்தார்.

"ஐயோ, ஸ்பிரிட்!" என்று அலறினாள் சாமுண்டீஸ்வரி.

ஜகபர் அலி பாய்ந்து ஓர் உதை விட்டார். தட்டைத்தான் உதைக்க நினைத்தார். பாட்டில் பறந்துபோய்த் தென்னைமரத்தில் மோதி உடைந்தது.

"சாமிக்குக் காட்டுன கற்பூரத்தக் காலால ஒதைக்கறியாய்யா?" என்று கொதித்தார் தாளாளர்.

"நான் ஒதைச்சது பாட்டிலத்தாங்க!"

மேடையில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கராசு பச்சைமுத்துவின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"பாய், சமையக்கட்டுக்கு ஓடுங்க. எண்ணெய் டின்ன எடுத்தாங்க. நான் ஸ்பிரிட் கொண்டாறேன்," என்றாள் சாமுண்டீஸ்வரி. இருவரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

மூச்சிரைக்க ஜகபர் அலி வனஸ்பதி டின்னோடு வந்து சேர்ந்தார். அவள் நாலு பங்குக்கு ஒரு பங்கு அளந்து ஊற்றினாள். தேன் போல் கனமாக இறங்கியது. குலுக்கினாள். கரைந்துவிட்டது. லேசாகக் கலங்கியிருந்தது. அவசரத்தில் கலக்கினால் அப்படித்தான் என்று நினைத்தாள். மாலையைப் பிய்த்து எறிந்தாள். எஞ்சின் வாயில் தாளாளர் அடைத்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள். எலுமிச்சம்பழத்தை எட்டி உதைத்தாள். பிரம்பால் விசிறியைத் தட்டினாள்.

எஞ்சின் பிடித்தது. சரியான பக்கமே பிடித்தது.

விமானம் புழுதி கிளப்பி ஓடி, பந்தல் ஓரத்தில் மேலெழுந்தது. குழந்தைகள் ஓவென்று கத்தினார்கள். அது ராஜகிரியைப் பார்த்துப் போய், திரும்பி, பள்ளிக் கூரைமேல் சாய்ந்து வந்தது. பச்சைமுத்து எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார். தன் மகள் கையிலிருக்கும் குச்சிக்கு ஆகாயத்தில் ஒரு பொருள் அடங்கி நடக்கிறது என்பது அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பக்கத்திலிருந்த தங்கராசுவைப் பார்த்து, "எம்பொண்ணுடா!" என்றார்.

மேடைக்கு நேரே வந்ததும் சாமுண்டீஸ்வரி பொத்தானை அழுத்தினாள். பூப்பெட்டி திறந்தது. எஞ்சின் துப்பிய எண்ணெயில் ஊறிய ரோஜா இதழ்கள் அதிகாரியின் வழுக்கையில் பொத் பொத்தென்று விழுந்து ஒட்டிக்கொண்டன. அவர் அதையும் ரசித்தார். எரிபொருள் தீர்ந்து, விமானம் சத்தமில்லாமல் சரிந்து வந்து பந்தல் துணிமேல் கோழி மாதிரி உட்கார்ந்தது. கைதட்டல் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதிகாரி தலையில் பூவோடு மைக்கைப் பிடித்தார்.

"இப்பேர்ப்பட்ட ஆசிரியை இருக்கிற பள்ளிக்கு அங்கீகாரம் கொடுப்பதில் எனக்கு எந்தவிதமான..."

நின்றார். முகம் மாறியது. வயிற்றைப் பிடித்தார். மைக்கைத் தாளாளர் கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடினார். பின்னாலேயே ஆசிரியர்கள் ஓடினார்கள். தங்கராசு எல்லோரையும் முந்தினான். தன் லாரியைக்கூட அவன் அந்த வேகத்தில் ஓட்டியிருக்க மாட்டான்.

விடுதிக் கக்கூஸ் வாசலில் வழக்கமான வரிசை நின்றுகொண்டிருந்தது. பையன்கள் அதிகாரியை மரியாதையோடு பார்த்தார்கள்.

"புதுசா சார்? நீங்க முன்னாடி போங்க. எங்களுக்குப் பழக்கம்," என்று ஒருவன் தன் மக்கையும் கொடுத்தான்.

வெகுநேரம் கழித்து, வேப்பமரத்தில் சாய்ந்தபடி அதிகாரி பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இது விளக்கெண்ணெயோட வேலை. எங்க வீட்ல சின்ன வயசுல மாசாமாசம் குடுப்பாங்க. அந்த வேகம் எனக்குத் தெரியும். வடையில விளக்கெண்ணெய் எப்படி வந்தது?"

இளையபெருமாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதோ நிக்கிதே, இந்தப் பொண்ணுதாங்க காரணம்! ஏரோப்ளேனுக்குன்னு விளக்கெண்ணெய வாங்கியாந்து சமையக்கட்டுல வச்சுது. டின்னு மாறிப்போயி வடைக்கு ஊத்திட்டாங்க. எம்மில்லு கடலெண்ணெயா இருந்தா இப்டி ஆவுமாங்க? இன்னா திமிருன்றீங்க! எம்பேர்ல மெமோரியல் வச்சதையே கேலி பண்ணுச்சுங்க! இன்னியோட உனக்கு வேலை இல்லம்மா. வூட்டுக்குப் போ!"

வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமுண்டீஸ்வரிக்குக் கோபமே வரவில்லை. டின் அவளுடையது. சமையற்கட்டில் வைத்ததும் அவள் ஏற்பாடு. தப்பு தன்னுடையதுதான். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், முகம் வெளுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த தங்கராசு அந்த நிலையிலும் தங்கப் பல்லைக் காட்டினான்.

"நைனா..." என்றாள். பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்," என்றார் அதிகாரி. "சமையற்கார அம்மாவக் கூப்பிடுங்க. அந்த டின்னையும் கொண்டு வரச் சொல்லுங்க."

தைலம்மாள் ஒரு வனஸ்பதி டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வெலவெலத்துப் போனாள். டின்னை அதிகாரியின் காலடியில் வைத்துவிட்டு, அதன் மூடியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

"டீச்சரம்மா விளக்கெண்ணெய நான் தொடவே இல்ல சாமி, இதோ சுக்கூர் பாய் வச்ச அரக்குகூட ஒடையல பாருங்க, நான் வடை சுட்டதும் மொதலாளி மில்லு கடலெண்ணெதான், ஜகபர் பாய் ஓடியாந்து ஏரோப்ளேனுக்கு வாங்கினு போனதும் அதே கடலெண்ணெதான்!"